குடைசூல்

நடந்தால் ஒலிக்கும் சிலம்பு உள்ளே கெட்டியாக இருக்க முடியாது. வளையத்தின் உட்புறம் குழல்போல் வெறுமையாக இருக்க வேண்டும். அதற்குள் பரல்களை இட்டு வாயை மூட வேண்டும். காலடியில் நாம் கேட்பது பொன்னின் ஓசையன்று, உள்ளே உருளும் பரலின் ஓசை. மூடியபின் அந்தப் பரல் முத்தா, மாணிக்கமா, வெறுங்கல்லா என்று கண்ணால் காண வழியில்லை. உடைத்தால்தான் தெரியும்.

கண்ணகியின் சிலம்பை முதன்முறையாக நம் கண்முன் வைத்து வருணிக்கும் இடத்தில் இளங்கோவடிகள் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்: குடைசூல். குடையப்பட்டது, ஆனால் வெறுமையானதன்று, சூல் கொண்டது. வேறு எந்த அணிக்கும் இந்தச் சொல் இவ்வளவு பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. காப்பியம் முழுவதும் ஆண்கள் இந்தச் சிலம்பின் வெளிப்புறத்தைப் பார்க்கிறார்கள். வேலைப்பாட்டைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே இருப்பதை அறிந்து வாய்திறந்து சொன்னவள் ஒருத்திதான். அந்தச் சிலம்பு போன வழியே நானும் போய்ப் பார்க்க விரும்புகிறேன்.

அது எங்கே பிறந்தது என்று சிலப்பதிகாரம் சொல்லவில்லை. எந்தத் தட்டார் செய்தார், தந்தை மாநாய்கன் கொடுத்ததா, மாமியார் வீட்டில் போட்டதா, ஒன்றும் இல்லை. பிறப்புக் கதை வேண்டுமென்றால் கடல் கடந்து ஈழத்துக்குப் போக வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் பாடப்படும் ‘கண்ணகி வழக்குரை’யில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதி உண்டு. கண்ணகியின் சிலம்புக்குப் பரலிட நாகமணி வேண்டும். அதைக் கொண்டுவர மீகாமன் கப்பலேறுகிறான். வழியில் வெடியரசன் என்னும் தலைவன் மறிக்க, கடலிலே பெரும் போர் மூள்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவில் இடிந்து கிடக்கும் ஒரு கற்கட்டை இன்றும் வெடியரசன் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். காப்பியப் புலவர் விட்ட இடத்தை ஊர்ப் புலவர் நிரப்பியிருக்கிறார். அதிலும் சிலம்பின் வளையத்தை விட்டுவிட்டு, உள்ளே இடும் கல்லுக்குப் பிறப்புக் கதை சொல்லியிருக்கிறார் பாருங்கள்! கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புகாரில் திருமணம் நடக்கும்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயதளவு, கோவலனுக்குப் பதினாறு. சங்கப் பாடல்களில் ‘சிலம்பு கழீஇ’ என்றொரு சடங்கு வருகிறது. மணத்துக்கு முன் பெண்ணின் காலிலிருந்து கன்னிப் பருவத்துச் சிலம்பைக் கழற்றும் நோன்பு அது. அந்தச் சிலம்பைத் தன் வீட்டில் கழற்றாமல் காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் ஏங்கும் பாடல்கள் உண்டு. ஆகவே பழந்தமிழ்க் காதுக்குச் சிலம்பு காலைவிட்டு நீங்குவது ஒரு வாழ்க்கை தொடங்குவதன் அடையாளம். கண்ணகியிடம் இது தலைகீழாகிறது. அவள் காலில் சிலம்பு இல்லை என்று அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் நாம் கேள்விப்படும்போது அவள் வாழ்க்கை நின்றுபோயிருக்கிறது. கணவன் ஆடல்மகள் மாதவியின் வீட்டில் இருக்கிறான். அதே மாலையில் அதே ஊரில் மாதவி அணிகளோடு நிலா முற்றத்தில் இருக்கிறாள். இவள் கால் ஓசையற்றுக் கிடக்கிறது. காப்பியத்தின் பெயரையே தாங்கும் பொருள் நமக்கு முதலில் அறிமுகமாவது இல்லாமையாகத்தான்.

மாதவியின் பக்கத்திலும் ஒரு பொருள் உண்டு. பன்னிரண்டு வயதில் கரிகாலன் அவையில் ஆடி அவள் பெற்ற மாலை. அதன் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். வாங்குபவன் மாதவிக்கு உரியவன் என்று சொல்லி, நகரத்து இளைஞர் உலவும் தெருவில் ஒரு கூனி அதை ஏந்தி நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். மாதவியைக் குற்றவாளியாக்கிப் பேசுபவர்கள் இந்தத் தெருவை மறந்துவிடுகிறார்கள். அவள் மாலையைத் தானே விற்கவில்லை. அவளுக்கு விலை வைத்தது அரங்கமும் அரசும் சந்தையும். கண்ணகியின் சிலம்புக்கோ அதுவரை யாரும் விலை கேட்டதில்லை. கேட்ட அன்று ஓர் உயிர் போயிற்று.

அந்தச் சிலம்பு பெட்டியைவிட்டு வெளியே வருவது எப்படி? கானல்வரியில் கடற்கரைப் பாட்டு ஊடலாகி, ஊடல் பிரிவாகி, கோவலன் வீடு திரும்புகிறான். குலத்து முன்னோர் சேர்த்த பொருளையெல்லாம் தொலைத்த வெட்கத்தைச் சொல்கிறான். மாதவிக்குக் கொடுக்கக் கையில் பொருள் இல்லாமல்தான் வருந்துகிறான் என்று எடுத்துக்கொண்ட கண்ணகி சிரித்தபடியே, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

இந்த இடத்தை வைத்துக் கண்ணகியைப் பொறுமைக்கு இலக்கணம் என்று பாராட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். எனக்கு அது போதவில்லை. அன்றுதான் தோழி தேவந்தி, சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று யோசனை சொல்லியிருந்தாள். அது பெருமையாகாது என்று இரண்டே சொல்லில் மறுத்தவள் இவள். தெய்வத்திடம் கெஞ்ச மாட்டாள். தன்னிடம் உள்ளதைக் கொடுப்பாள். கொடுப்பது தன் உடைமை என்பதும் அவளுக்குத் தெரியும். கோவலன் அந்தச் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்பேன் என்று முடிவு செய்கிறான். பெருவணிகன் மாசாத்துவான் மகனுக்கு அன்று இருந்த ஒரே முதலீடு மனைவியின் காற்சிலம்பு. விடிவதற்குள் புறப்படுகிறார்கள்.

மதுரை புகாரிலிருந்து ஆறைங்காதம். ஊர் எல்லையைத் தாண்டியதுமே கண்ணகி மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். காவிரியின் கரையோரம், சீரங்கம், உறையூர், பிறகு பாலை. கூடவே கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. இந்த வழி நெடுகச் சிலம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. மூட்டையில் இருந்ததா, மடியில் இருந்ததா என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் சிலம்பின் சொல் ஒரே ஓர் இடத்தில், வேறொரு காலில், ஒலிக்கிறது. வேட்டுவ வரியில் எயினர் கொற்றவையைப் பாடும்போது, அவள் அடிகளில் சிலம்பும் கழலும் சேர்ந்து ஒலிக்கின்றன. பெண்ணின் அணியும் வீரனின் அணியும் ஒருத்தியிடம். அங்கே தெய்வமேறிய சாலினி, ஓரமாக நிற்கும் கண்ணகியைக் காட்டி, தமிழ்நாடு முழுமைக்கும் உரிய செல்வி என்பதுபோல் ஏதேதோ புகழ்கிறாள். கண்ணகி நாணி, இந்த மூதாட்டி ஏதோ தெரியாமல் பேசுகிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் புன்னகை செய்கிறாள். காப்பியத்தில் அவளுடைய கடைசிப் புன்னகைகளில் ஒன்று அது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மேலே போக மனம் வருவதில்லை.

வையையைக் கடந்து மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். வீட்டில் மாதரியின் மகள் ஐயை. கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்கிறது. குருத்து வாழையிலையில் கணவனுக்குச் சோறு போடுகிறாள். சாப்பிட்டு எழுந்த கோவலன் சிலம்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறான்.

ஒன்றை மட்டும். ஏன் ஒன்று என்று புலவர் விளக்கவில்லை. ஆனால் கதை முழுவதும் தொங்குவது அந்த ஒன்றில்தான். இரண்டையும் கொண்டு போயிருந்தால் கண்ணகியின் கையில் மறுநாள் எதுவும் இருந்திருக்காது. மதுரை நகரத்து அரண்மனை வாயிலில் வெறுங்கையோடு அழுத எத்தனையோ பெண்களில் அவளும் ஒருத்தியாகியிருப்பாள். குடிசையில் மிஞ்சிய ஒற்றைச் சிலம்புதான் அவளுடைய ஆவணம்.

கடைத்தெருவில் நூறு தட்டார் பின்தொடர அரண்மனைப் பொற்கொல்லன் வருகிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அவன். இங்கேதான் சிலம்பின் முழு வருணனை: மாணிக்கமும் வயிரமும் பதித்த வேலைப்பாடு, பசும்பொன், குடைசூல். தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும். திருட்டை மறைக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்பதும் தெரிந்தது. அரசன் அப்போது அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். ஆடல் மகளிரை அவன் ரசித்ததில் தேவிக்கு ஊடல். தலைவலி என்று எழுந்து போயிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் நடந்தபடியே ஆணை இடுகிறான்: அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று, அதைக் கொண்டு வாருங்கள்.

நீதிமுறை என்று பார்த்தால் இதில் ஒரே ஓர் ஓட்டை. ஆனால் பெரிய ஓட்டை. சிலம்பு கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாகிறது. அது யார் சிலம்பு என்பது கேள்வியாகவே இல்லை. கொண்டுவரச் சொன்ன சிலம்பைத் தேவியிடம் காட்டி, உன்னுடையதுதானா என்று கேட்கவும் இல்லை. காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள், முகத்தில் கள்வன் குறி இல்லை என்கிறார்கள். கொல்லன் களவு நூல் பேசி மயக்குகிறான். கல்லாத ஒருவன், குடிவெறியில், வாளை எறிந்துவிடுகிறான்.

அன்று ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாடுகள் கண்ணீர் விட்டன. மாதரியும் பெண்களும் குரவை ஆடிப் பார்க்கிறார்கள். செய்தி வருகிறது. கண்ணகி மற்ற சிலம்பைக் கையில் எடுக்கிறாள். காலில் கிடக்க வேண்டியது அன்றுமுதல் கைக்கு ஏறியது. மதுரைத் தெருக்களில் மக்கள் கண்டு நடுங்கியது அந்தக் கோலத்தைத்தான். வாயில் காவலன் அரசனிடம் போய்ச் சொன்னதும் அதைத்தான்.

வழக்குரை காதை மிகச் சிறிய காதை. அரசன் கேட்கிறான், இவள் ஊரையும் பெயரையும் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அவன். இவள் கணவனின் நல்லொழுக்கத்துக்குச் சான்று தேடவில்லை, அழவில்லை, கெஞ்சவில்லை. என் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவ்வளவுதான். ஒரு பெண் மட்டுமே அறிந்திருக்கக் கூடிய ஒன்றை, அவள் நடந்த ஒவ்வொரு நாளும் கேட்டிருந்த ஒன்றை, வழக்கின் நடுவில் வைக்கிறாள். பாண்டியன் நெடுஞ்செழியனை இங்கே ஒரு கணம் மதிக்கத்தான் வேண்டும். எங்கள் சிலம்பில் முத்து என்று உடனே சொல்லிவிடுகிறான், மழுப்பவில்லை. கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து முன்னே வைக்கிறான். கண்ணகி உடைக்கிறாள். மணி தெறித்து அரசன் முகத்தில் படுகிறது. கள்வன் நானே என்று சொல்லி விழுந்தவன் எழவில்லை.

அந்த அவையில் கோப்பெருந்தேவியும் இருந்தாள். முந்திய இரவு கண்ட தீக்கனாவைச் சொல்ல வந்தவள். திருடுபோனது அவளுடைய சிலம்பு, வழக்கு அவள் பொருட்டு, ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்தா மாணிக்கமா என்பதற்குக் கூட அவள் கணவன்தான் பதில் சொல்கிறான். கணவனை இழந்தவளுக்கு ஈடாகக் காட்ட உலகில் எதுவும் இல்லை என்று அவளும் அரசன் அடியில் விழுந்து மடிகிறாள். அவளைக் கோழையென்றோ கற்பரசியென்றோ சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரே நின்ற பெண்ணின் இழப்பைத் தன் இழப்பாகவே உணர்ந்த முதல் ஆள் அவள்தான்.

உடைந்த சிலம்புக்கு அதன்பின் என்ன ஆயிற்று? மதுரை எரிகிறது, கண்ணகி மேற்கு வாயிலில் கொற்றவை கோயிலில் தன் வளையலை உடைத்துவிட்டு வையைக் கரையோரம் நடந்து மலையேறுகிறாள், பதினான்காம் நாள் வேங்கை மர நிழலில் குறவர் காண விண்ணேறுகிறாள். சேர நாட்டில் இந்தக் கதையைக் கேட்ட செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளிடம் ஒரு கேள்வி போடுகிறான்: கணவனோடு இறந்த பாண்டிமாதேவி, நம் மலைக்கு வந்த இவள், இருவரில் யார் வியக்கத் தக்கவள்? பாண்டிமாதேவிக்கு வானுலகம் கிடைக்கட்டும், நம் நாடு தேடி வந்த இந்தப் பத்தினியை நாம் தொழ வேண்டும் என்கிறாள் வேண்மாள். இமயத்துக்குப் படை நடந்தது, வடநாட்டு மன்னர் கனகவிசயர் தலையில் சிலைக்கான கல் ஏறியது, வஞ்சியில் கோயில் எழுந்தது, எல்லாம் ஒரு பெண் சொன்ன அந்தப் பதிலுக்குப் பின்னால்தான். அந்தக் கோயிலில் செங்குட்டுவன் வானத்தில் ஒரு மின்னல் கொடியைப் பார்க்கிறான். அதன் காலில் பொற்சிலம்பு. கையில் ஏறியது மறுபடி காலுக்கு இறங்கியிருக்கிறது. பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்றும் அங்கே அவள் சொல்கிறாள். பரல் தெறித்த முகத்துக்கு அவள் கொடுத்த விடுதலை அது.

சிலம்பு இந்தக் கதைக்குள் எப்போது நுழைந்தது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. நற்றிணை 216ஆம் பாட்டில், ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி என்னும் பெண் வேங்கை மரத்தோடு சேர்த்து நினைக்கப்படுகிறாள். துயரம் இருக்கிறது, வேங்கை இருக்கிறது, சிலம்பு இல்லை. அவளும் கண்ணகியும் ஒருத்திதான் என்றால், காயத்தை மட்டும் நினைவு வைத்திருந்த ஊருக்கு வழக்கையும் சான்றையும் கொண்டுவந்து கொடுத்தது சிலம்புதான். வினையைச் சூழச் செய்த சிலம்பு காரணமாகவே நூலுக்கு இந்தப் பெயர் என்று பதிகம் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஏட்டிலும் அந்தச் சிலம்பு நெடுந்தூரம் வந்தது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். சிலம்பின் வேலைப்பாட்டை அவ்வளவு நுணுக்கமாக விளக்கிய அந்த உரை, வழக்குரை காதைக்கு நமக்குக் கிடைக்கவில்லை. சிலம்பு உடையும் இடத்தில் உரையாசிரியர் பக்கத்தில் இல்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1968இல் சென்னை மெரினாவில் கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி சிலையாக வந்தாள். 2001இல் அகற்றப்பட்டு 2006இல் திரும்ப நின்றாள்.

ஆனால் சிலம்பு உண்மையில் உயிரோடு இருப்பது கோயில்களில்தான். திருவனந்தபுரம் ஆற்றுக்காலில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதையைப் பாடி வருகிறார்கள். பாண்டியன் மடியும் இடத்துக்குப் பாட்டு வந்ததும் பொங்கல் அடுப்புக்குத் தீ வைக்கிறார்கள். இலட்சக்கணக்கான பெண்களின் அடுப்பு. கொடுங்கல்லூர் பரணியில் வெளிச்சப்பாடுகள் காலில் சிலம்பும் கையில் வாளுமாக ஆடுகிறார்கள். நம் மாரியம்மன் கோயில்களில் பம்பை உடுக்கையோடு பூசாரிகள் குலுக்கும் கைச்சிலம்பைப் பார்த்திருப்பீர்கள். நீள்வட்டமான பித்தளை வளையம், உள்ளே பரல். அதைக் கையில் வாங்கி ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே என்ன என்று காட்டாமலே அது பேசும்.

இனி அந்த மற்றொரு சிலம்பு. அவையில் உடைந்தது கோவலனிடமிருந்து பறிக்கப்பட்டு அரசன் முன் வைக்கப்பட்டது. கண்ணகி குடிசையிலிருந்து ஏந்தி வந்த ஒற்றைச் சிலம்பு உடையவில்லை. அது எங்கே போயிற்று என்று காப்பியம் ஒரு வரியும் சொல்லவில்லை. ஆனால் வஞ்சிக் கோயில் விழாவுக்கு வந்தவர்களில் கடல்சூழ் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்று வரந்தரு காதை சொல்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட சிங்கள ராஜாவலிய, கஜபாகு மன்னன் பத்தினித் தெய்வத்தின் மணிச்சிலம்பைச் சோழ நாட்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்கிறது. கண்டியில் எசல பெரஹராவில் நான்கு தேவாலயங்களில் ஒன்றாகப் பத்தினி தேவாலயமும் யானையோடு ஊர்வலம் வருகிறது. அவள் சின்னம் சிலம்பு, சிங்களத்தில் ‘சலம்ப’. தமிழனும் சிங்களவனும் ஒருவரையொருவர் கொன்ற ஆண்டுகளிலும் இருவருமே ஒரே பெண்ணின் சிலம்பைத்தான் தொழுதார்கள்.

கிழக்கில், தம்பிலுவிலிலும் காரைதீவிலும், வைகாசியில் கண்ணகியம்மன் கதவு திறக்கும். நாள்கணக்கில் வழக்குரை பாடுவார்கள். மீகாமன் மறுபடி கப்பலேறுவான், நாகமணி வரும், பரல் இட்டுச் சிலம்பின் வாயை மூடுவார்கள், கோவலன் கடைத்தெருவுக்குப் போவான், மதுரை எரியும். கடைசி நாள் குளிர்த்தி. எரித்தவளைக் குளிர்விக்கப் பாட்டுப் பாடி நீர் தெளிப்பார்கள். முண்டியடித்துக்கொண்டு கை நீட்டும் கூட்டத்தில் முன்வரிசை எல்லாம் பெண்கள்.